எந்தத் தண்ணீருக்கான கணிப்பு?

சென்னையின் மேற்குப் புறநகரிலுள்ள கோவில்பதாகையிலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடியின் படைத்துறை ஆலைகளுக்கும் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு உப்புப் படிவு புதிய செய்தி கிடையாது. வீட்டில் வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடில் சில மாதங்களில் வெள்ளையாக ஏறும் அதே பொருக்குதான் ஆலையில் கண்டென்சர் டியூபிலும் ஆயில் கூலரிலும் ஏறுகிறது. போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடான பரப்பைத் தொட்டதும் கார்பனேட்டாகப் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலான உப்புகள் சூடு ஏற ஏறக் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏறினால் குறைவாகக் கரையும். அதனால் வெப்பம் எந்த இடத்தில் கைமாற வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் போய் அது உட்காருகிறது.

படிவு ஏறிய பிறகு டியூபுக்குள் பிரஷ் விடுவதையும் ஆசிட் சுற்றவிடுவதையும் குறைத்துக்கொண்டு, அது எப்போது ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற உறுதிமொழியோடு இன்று கண்காணிப்புக் கருவிகள் விற்பனைக்கு வருகின்றன. வெப்பப் பரிமாற்றியின் நான்கு வாய்களிலும் வெப்பநிலை உணரிகள், ஓட்டமானி, அழுத்தமானி. எல்லா அளவுகளும் நிமிடத்துக்கு நிமிடம் ஒரு கணினிக்குப் போகும். பரிமாற்றத் திறன் எவ்வளவு சரிந்திருக்கிறது, எந்தத் தேதியில் சுத்தம் செய்தால் செலவு குறையும் என்று அங்கே ஒரு கணித மாதிரி கணக்கிட்டுச் சொல்லும். இந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் சென்னையின் மேற்குப் புறநகரில் விற்கப்படும் வடிவில் அதற்குள் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வெப்பத்தை அது நுணுக்கமாக அளக்கிறது. தண்ணீரை அளக்காமலே மாறாதது என்று வைத்துக்கொள்கிறது. மாறாத தண்ணீர் இந்தப் பகுதியில் யாருக்கும் வாய்த்ததில்லை.

இந்த முறை எதற்கு மாற்றாக வந்தது என்பதைப் பார்த்தால்தான் அதன் நிறையும் குறையும் பிடிபடும். அமெரிக்காவின் குழாய்வகைப் பரிமாற்றி உற்பத்தியாளர் சங்கமான டெமா, 1941-இல் தன் தரநூலில் ஒரு அட்டவணை வெளியிட்டது. ஆற்று நீர் என்றால் இவ்வளவு, கடல் நீர் என்றால் இவ்வளவு, கூலிங் டவர் தண்ணீர் என்றால் இவ்வளவு என்று ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு படிவுத் தடை எண். வடிவமைப்பவர் அந்த எண்ணைச் சேர்த்துக்கொண்டு பரிமாற்றியைப் பெரிதாகக் கட்டினால் போதும். இன்றும் உலகெங்கும் பெரும்பாலான வரைபடங்கள் அந்த அட்டவணையின் வழிவந்த எண்களில்தான் நிற்கின்றன.

கணக்கு எளிது. சுத்தமாக இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1000 வாட் கடத்துகிறது என்று கொள்வோம். அதன் தடை 0.001. இரு பக்கத்துக்கும் 0.000176 வீதம் படிவுத் தடை சேர்த்தால் மொத்தம் 0.00135 ஆகிறது. அதாவது அதே வேலைக்கு 35 சதவீதம் கூடுதல் பரப்பு வேண்டும். வாங்குகிறவர் அந்த 35 சதவீதத்துக்குக் காசு கொடுக்கிறார். கொடுத்த காசு முதல் நாளிலிருந்தே அவருக்கு எதிராக வேலை செய்யத் தொடங்குகிறது. எப்படியென்றால், புதிய பரிமாற்றி தேவைக்கு மேல் குளிர்விக்கும். ஆபரேட்டர் தண்ணீர் வால்வைத் திருகிக் குறைப்பார். டியூபுக்குள் வேகம் விழும். ஓட்டம் 60 சதவீதமானால் சுவரை உரசிச் செல்லும் விசை ஏறக்குறைய 40 சதவீதமாகிவிடுகிறது. உரசல் குறைந்தால் வண்டல் தங்கும். சுவர் சூடேறினால் சுண்ணாம்பு பிரியும். படிவுக்கென்று ஒதுக்கி வைத்த இடம் படிவையே வரவழைத்துவிடும். எண்பது ஆண்டுக்கு மேல் பழகிப்போன இந்த ஏற்பாட்டில் காலம் என்ற அம்சமே இல்லை. அந்த ஒற்றை எண் மூன்று மாதத்தில் எட்டுமா, மூன்று வருடத்தில் எட்டுமா என்று அட்டவணை எதுவும் சொல்வதில்லை.

காலத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர்கள் கெர்னும் சீட்டனும். 1959-இல் அவர்கள் சொன்னது இன்றைக்கும் செல்லும்: ஒரு பக்கம் படிவு சேர்கிறது, இன்னொரு பக்கம் ஓட்டம் அதை அரித்துக்கொண்டு போகிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் படிவின் கனம் நிலைபெறுகிறது. வண்டல் படியும் தண்ணீர்களில் இந்த வளைகோடு நன்றாகப் பொருந்தும். இறுகிப்போன சுண்ணாம்பில் பொருந்தாது, அதை ஓட்டத்தால் அரிக்க முடியாது, கோடு நேராக ஏறிக்கொண்டே போகும். 1972-இல் டாபொரெக்கும் உடனிருந்தவர்களும் எழுதிய கட்டுரை, வெப்பப் பரிமாற்றத் துறையில் தீராமல் கிடக்கும் பெரிய சிக்கல் படிவுதான் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது. 1983-இல் எப்ஸ்டைன் இந்தக் குழப்பத்தை ஐந்துக்கு ஐந்து கட்டமாக்கிக் கொடுத்தார். படிவில் ஐந்து வகை: படிகம், துகள், வேதிவினை, அரிப்பு, உயிரி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை: தொடக்கம், வந்துசேர்தல், ஒட்டுதல், பிரிதல், முதிர்தல். ஆக இருபத்தைந்து கட்டங்கள். இதில் சிலவற்றைத்தான் நாம் ஒழுங்காக அறிவோம். விற்பனைக் கையேடுகள் இருபத்தைந்தையும் ஒரே வளைகோட்டுக்குள் அடக்கிவிடுகின்றன.

கண்காணிப்பு முறை எங்கே உண்மையில் பலன் தருகிறது என்று கேட்டால் முதலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத்தான் சொல்ல வேண்டும். கோவில்பதாகைக்குக் கிழக்கே மணலியில், 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கி 1969-இல் உற்பத்திக்கு வந்த இன்றைய சென்னை பெட்ரோலியம் போன்ற ஆலைகளில், கச்சா எண்ணெய் உலைக்குள் போகும் முன் வரிசையாகப் பல பரிமாற்றிகளைக் கடந்து சூடேறுகிறது. படிவால் அங்கே கிடைக்காமல் போகும் ஒவ்வொரு டிகிரியையும் உலையில் எரிபொருள் போட்டு ஈடுகட்ட வேண்டும். எந்தப் பரிமாற்றியை முதலில் கழற்றுவது, எதை அடுத்த ஷட்டவுன் வரை விட்டுவைப்பது என்ற முடிவு பணத்தோடு நேரடியாகப் பிணைந்தது. 1990-களின் நடுவில் எபர்ட்டும் பஞ்சாலும் கொடுத்த மாதிரி இங்கேதான் பயன்படுகிறது. சுவரின் வெப்பநிலையும் ஓட்டத்தின் உரசலும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் கச்சா எண்ணெய்ப் படிவு ஏறாது என்பது அதன் சாரம். எல்லை தெரிந்தால் வடிவமைப்பையே அதற்குள் வைத்துக்கொள்ளலாம். படிவு வந்த பிறகு தேதி சொல்வதைவிட இது பல மடங்கு உயர்ந்த உதவி. அங்கேகூட புதிய ரகக் கச்சா எண்ணெய் வரும்போதெல்லாம் மாதிரியின் கெழுக்களைத் திரும்பப் பொருத்த வேண்டியிருக்கும். ஆனால் எந்த ரகம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆய்வகம் சோதித்துத்தான் உள்ளே விடுகிறது.

சிறிய அளவில் பார்த்தால் சில்லர்கள். அம்பத்தூரில் இன்று தரவு மையங்களும் அலுவலக வளாகங்களும் பெருகிவிட்டன. 1964-இல் சிறுதொழிலுக்காக உருவாக்கப்பட்ட தொழிற்பேட்டையின் பழைய கொட்டகைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றின் சில்லர்களில் ஆபரேட்டர்கள் பார்ப்பது அப்ரோச் என்ற ஒற்றை எண். கண்டென்சரில் குளிரூட்டி திரவமாகும் வெப்பநிலைக்கும், வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி அது. டியூப் சுத்தமாக இருந்தால் இரண்டு டிகிரிக்குள் நிற்கும். படிவு ஏற ஏற விரியும். திரவமாகும் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் இரண்டு, மூன்று சதவீதம் கூடும். 100 கிலோவாட் கம்ப்ரசரில் அப்ரோச் இரண்டிலிருந்து ஐந்துக்குப் போனால் நஷ்டம் சுமார் 7.5 கிலோவாட். வருடத்தில் 6000 மணி நேரம் ஓடினால் 45,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டால் 3.6 லட்சம். டியூப் கிளீனிங்குக்கு ஆகும் செலவு இதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே கண்காணிப்பு தேவையா என்ற விவாதம் இங்கே எழவே கூடாது. லாக் ஷீட்டில் ஒரு நெடுவரிசை கூடுதலாக எழுதினாலே கிடைக்கும் லாபம் இது. சுமை கூடினால் அப்ரோச்சும் கூடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. முழுச் சுமையில் எடுத்த எண்ணை முழுச் சுமையில் எடுத்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். இதை மறந்து, வெயில் காலத்தில் படிவு ஏறிவிட்டதாகப் பதறுவதும் மார்கழியில் தானாகவே சரியாகிவிட்டதாக நிம்மதி அடைவதும் பரவலாக நடக்கிறது.

எல்லா இடத்திலும் கணிப்பு வேண்டும் என்றும் இல்லை. அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணை இருக்கிறது. பால் பதப்படுத்தும் தகட்டுப் பரிமாற்றிகளில் படிவு மாதக்கணக்கில் ஏறுவதில்லை, மணிக்கணக்கில் ஏறுகிறது. சுமார் 70 டிகிரிக்கு மேல் பாலிலுள்ள ஒரு மோர்ப்புரதம் மடிப்பு அவிழ்ந்து, கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து தகட்டில் ஒட்டுகிறது. அதனால் பால்பண்ணைத் தொழிலில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காஸ்டிக் சோடா, அடுத்து நைட்ரிக் அமிலம் என்று வரிசையாகச் சுற்றவிட்டுக் கழுவிவிடுவதுதான் வழக்கம். கிருமி தங்கக் கூடாது என்ற சுகாதாரக் காரணமே அந்த அட்டவணையைத் தீர்மானிக்கிறது. அங்கே போய் எந்தத் தேதியில் கழுவலாம் என்று கணிப்பு மாதிரியைக் கேட்பது வீண்வேலை. கழுவலை எப்போது நிறுத்தலாம், எவ்வளவு காஸ்டிக் மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டால் பொருள் உண்டு. கருவி விற்கிறவர்கள் அந்தக் கேள்வியோடு வருவதை நான் அதிகம் கண்டதில்லை.

இனி குறைகள். முதலாவது, அளவீடு. படிவுத் தடை என்பது நேரடியாக அளக்கப்படும் பொருள் இல்லை. இன்றைய மொத்தத் தடையிலிருந்து சுத்தமாக இருந்தபோதைய தடையைக் கழித்துப் பெறப்படுவது. இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசம். மேலே சொன்ன பரிமாற்றியில் தொடக்கக் காலப் படிவு 0.0001 என்று வைத்துக்கொண்டால், கழிக்கப்படும் எண்கள் 0.0011-உம் 0.0010-உம். ஒவ்வொன்றிலும் ஐந்து சதவீதப் பிழை இருந்தால் (ஆலைச் சூழலில் அது மிக நல்ல அளவீடு), விடையில் முக்கால் பங்கு பிழை புகுந்துவிடுகிறது. முன்கூட்டியே எச்சரிக்க வேண்டிய அந்த ஆரம்ப நாட்களில்தான் கருவி மிக மங்கலாகப் பார்க்கிறது. படிவு கனத்த பிறகு தெளிவாகத் தெரியும். அப்போது ஆபரேட்டருக்கும் தெரியும்.

உணரிகளின் தரத்தைப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். கூலிங் டவர் தண்ணீர் 32 டிகிரியில் உள்ளே போய் 37-இல் வெளியே வருகிறது. வித்தியாசம் ஐந்தே டிகிரி. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் பி வகுப்பு பிளாட்டினம் உணரிக்கு அந்த வெப்பநிலையில் அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவான பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு உணரிகளும் எதிரெதிர்த் திசையில் பிசகினால் ஐந்து டிகிரியில் ஒரு டிகிரி போச்சு. இருபது சதவீதம். இதற்கு மலிவான மருந்து உண்டு: இரண்டு உணரிகளையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்து, வித்தியாசத்தைக் குறித்துக் கழித்துவிடலாம். அல்லது மாதம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றிப் போடலாம். லட்சக்கணக்கில் மென்பொருளுக்குச் செலவழித்த இடங்களில்கூட இந்த வேலையைச் செய்பவர் அபூர்வம். பேட்டையின் சிறு பட்டறைகளில், இன்ஜெக்ஷன் மோல்டிங் இயந்திரத்தின் ஆயில் கூலருக்கு ஓட்டமானியே கிடையாது. டயல் தெர்மாமீட்டரின் முள் ஒரே இடத்தில் துருப்பிடித்து நிற்கும். அங்கே கணிப்பைப் பேசும் முன் இருபது நிமிடம் செலவழித்து முள் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அழுத்த இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் படம் கொஞ்சம் தெளியும். இதைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள் என்பது என் வருத்தம். 15.8 மி.மீ. உள்விட்டமுள்ள டியூபில் அரை மி.மீ. சுண்ணாம்பு ஏறினால் அதே ஓட்டத்துக்கு அழுத்த இழப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடும், ஏனென்றால் அது விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. சுண்ணாம்பு வெப்பத்தை ஓரளவு கடத்தும். அந்த அரை மி.மீ. தரும் வெப்பத் தடை 0.0002 அளவில் நிற்கும். உயிரிப் பாசி அப்படியில்லை. அது பெரும்பகுதி தண்ணீர்தான்; கடத்துதிறனும் தண்ணீரை ஒட்டியே இருக்கும். 0.3 மி.மீ. வழவழப்பு, 0.5 மி.மீ. சுண்ணாம்பைப்போல் இரண்டரை மடங்கு தடையைத் தரும். இரண்டு அளவையும் ஒன்றுக்கொன்று எதிராக வரைந்தால் உள்ளே இருப்பது கல்லா, பாசியா, அல்லது டவரிலிருந்து வந்த குப்பை சில டியூப்களை அடைத்திருக்கிறதா என்று ஊகிக்கலாம். கல்லுக்கு அமிலம், பாசிக்குக் குளோரின், குப்பைக்கு வடிகட்டி. மருந்து மாறுகிறது. வெப்பத்தை மட்டும் பார்த்து "படிவு 62 சதவீதம்" என்று திரையில் காட்டும் எண் எந்த மருந்தையும் பரிந்துரைப்பதில்லை.

முக்கியமான குறைக்கு வருகிறேன். 1000 கிலோவாட் வெப்பத்தை நாள் முழுதும் வெளியேற்றும் ஒரு கூலிங் டவரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30,000 லிட்டர் ஆவியாகும். ஆவி உப்பை எடுத்துப்போவதில்லை. சுற்றும் தண்ணீரின் உப்பு நான்கு மடங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள 10,000 லிட்டரை ப்ளோடவுனில் வெளியேற்றி, 40,000 லிட்டர் புதுத் தண்ணீர் விட வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் மூன்று லாரிக்கும் சற்று மேல். அந்தத் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றால், நாளொன்றுக்கு 16 கிலோ சுண்ணாம்புக்கு நிகரான பொருள் உள்ளே வருகிறது. அதில் ஒரே ஒரு சதவீதம் டியூபில் ஒட்டினாலும் வருடத்துக்கு 58 கிலோ. 100 சதுர மீட்டர் பரப்பில் 0.2 மி.மீ. இப்போது லாரிக்காரர் வேறொரு கிணற்றுக்குப் போகிறார், கடினத்தன்மை 800 ஆகிறது. உள்ளே வரும் பொருள் இரட்டிப்பாகும். மிகைச்செறிவு கூடுவதால் ஒட்டும் பங்கும் கூடும். மாதிரி போன மாதம் சொன்ன கெடு பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். மாதிரிக்கு இது தெரியாது. அதன் கண்ணில் படுவது சில வாரங்கள் கழித்துச் சரியும் வெப்பக் கோடு மட்டுமே.

இந்தக் கற்பனைக் கணக்கு மேற்குப் புறநகரில் வருடா வருடம் நடப்பது. ஏரி நிறைந்து நிலத்தடி நீர் ஏறியிருக்கும் மாதங்களில் போரின் உப்பு ஒரு அளவு. சித்திரை, வைகாசியில் வேறு அளவு. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது ஆலைகள் கிடைத்த தண்ணீரை ஊற்றின. அதே ஆண்டில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடுபரவல் வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் செயல்பாட்டுக்கு வந்தன. நல்ல திட்டம், மறுப்பில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் கடினத்தன்மை மிகக் குறைவு. அது சுண்ணாம்பைப் படியவிடாது, இரும்பைத் தின்னும். போர்த் தண்ணீரில் பழகிய மாதிரி அதைக் கண்டால் படிவு நின்றுவிட்டது என்று மகிழ்ச்சியாக அறிவிக்கும். குழாயிலிருந்து அரித்து வந்த துரு வேறொரு மூலையில் படிந்துகொண்டிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் அம்பத்தூர்ப் பேட்டைக்குள் புகுந்தது. வெள்ளத்துக்குப் பிறகு கூலிங் டவர் தொட்டிகளில் தங்கும் சேறு, படிகம் என்ற வகையிலிருந்து துகள் என்ற வகைக்குப் படிவை மாற்றிவிடும். ஐந்தே ஆண்டுகளில் தண்ணீர் எத்தனை முறை ஆள் மாறியது என்று பாருங்கள்.

இயந்திரக் கற்றல் இதைத் தீர்த்துவிடும் என்கிறார்கள். தண்ணீரின் அளவுகள் உள்ளீடாகக் கொடுக்கப்படாதபோது எப்படித் தீர்க்கும் என்று எனக்குப் புரியவில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் காட்டப்படும் துல்லியத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஒரே பரிமாற்றியின் ஓராண்டுப் பதிவை எடுத்து, சீட்டுக்கட்டைக் குலுக்குவதுபோல் குலுக்கி, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் ஒரு பகுதியைச் சோதனைக்கும் பிரிக்கிறார்கள். காலை பத்து மணி அளவு பயிற்சியில், பதினொரு மணி அளவு சோதனையில். நடுவிலுள்ள ஒரு மணியை ஊகிப்பதற்கு 99 சதவீதத் துல்லியம் கிடைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. முதல் எட்டு மாதத்தைக் காட்டி, அடுத்த நான்கு மாதத்தைக் கேட்டால்தான் அது கணிப்பு. பராமரிப்புத் துறைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஒழுங்காகச் சுத்தம் செய்யும் ஆலையில் படிவு முற்றிய நிலை பதிவாகவே ஆகாது; ஒவ்வொரு முறையும் கோடு பாதியில் வெட்டப்பட்டுவிடும். ஒழுங்காகச் செய்யாத ஆலையில் முற்றிய நிலை பதிவாகும், ஆனால் எப்போது ஆசிட் விட்டார்கள், எத்தனை டியூபை அடைத்தார்கள் என்ற குறிப்பு இருக்காது. இரண்டு வகைப் பதிவும் மாதிரியைத் தவறாகவே பழக்கும்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு நல்ல உதாரணம் நம் கரையிலேயே இருக்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984-இலும் இரண்டாவது 1986-இலும் வணிக உற்பத்திக்கு வந்தன. குளிர்விக்கும் நீர் வங்கக் கடலிலிருந்து, கடலடிக்குக் கீழே ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் ஓடும் ஒரு சுரங்கம் வழியாக வருகிறது. அந்தச் சுரங்கச் சுவரில் பச்சை ஆழிகள் என்ற சிப்பியினங்கள் குடியேறின. பெயர்ந்துவந்த ஓடுகள் வலைகளையும் பரிமாற்றிகளையும் அடைத்தன. அங்கே விஞ்ஞானிகள் கண்டென்சரின் வெப்பக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. சோதனைப் பலகைகளைக் கடலில் தொங்கவிட்டு, எந்த மாதத்தில் எந்த உயிரியின் குஞ்சுகள் வந்து ஒட்டுகின்றன, வடகிழக்குப் பருவமழையில் கடலின் உப்பு குறையும்போது என்ன ஆகிறது, எந்த அளவுக் குளோரினில் அவை சாகின்றன, எந்த அளவில் ஓட்டை மூடிக்கொண்டு காத்திருக்கின்றன என்றெல்லாம் பல ஆண்டுகள் பார்த்தார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் கல்பாக்கத்திலேயே நீர், நீராவி வேதியியலுக்கென்று ஒரு பிரிவை வைத்திருக்கிறது. குளோரின் கொடுக்கும் முறை அந்தப் பார்வையிலிருந்து உருவானது.

அணுமின் நிலையத்தையும் ஆயில் கூலரையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். முழுக்க நியாயமில்லைதான். கல்பாக்கத்துக்கு ஒரே கடல். அதன் பருவங்கள் திரும்பத் திரும்ப வரும், அதனால் பலகையில் கற்றது அடுத்த ஆண்டும் உதவும். பட்டறைக்காரருக்குத் தண்ணீர் யார் எங்கிருந்து கொண்டுவருகிறார் என்பதே நாளுக்கு நாள் மாறும். ஆனால் அப்படி மாறுவதால்தான் அங்கே வரும் நீரை அளக்கும் அவசியம் கூடுகிறது. செலவும் பயப்படும்படி இல்லை. கடினத்தன்மை பார்க்கும் சொட்டுச் சோதனையில் ஒயின் சிவப்பு நீலமாக மாறுவதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கடத்துதிறன் மானி பாக்கெட்டில் அடங்கும். லாங்லியர் 1936-இலும் ரைஸ்னர் 1944-இலும் கொடுத்த குறியீடுகளை ஒரு தாளில் கணக்கிடலாம். அவற்றையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது: தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு வேகத்தில் என்று சொல்லாது, மருந்து போட்ட தண்ணீரில் இன்னும் தடுமாறும். அதைவிட நம்பகமானது, சுற்றும் தண்ணீரிலிருந்து ஒரு சிறு கிளையை எடுத்து, மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட ஒற்றை டியூபின் மேல் ஓடவிடும் ஏற்பாடு. ஆலையின் சுமை எப்படி ஏறி இறங்கினாலும் அந்த டியூபில் வெப்பமும் ஓட்டமும் மாறாமல் வைத்திருக்கலாம். அதனால் அங்கே ஏறும் படிவு தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசும். அந்த அளவையும் பரிமாற்றியின் அளவையும் ஒரே மாதிரிக்குள் கொடுத்தால், இயந்திரக் கற்றலுக்கும் கற்றுக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கும்.

கடைசியாக ஒரு நிர்வாகச் சங்கடம். பல இடங்களில் கூலிங் டவருக்கு ரசாயனம் சப்ளை செய்கிறவரே படிவைக் கண்காணிக்கும் கருவியையும் வைத்து, மாதாந்திர அறிக்கையையும் எழுதுகிறார். தன் மருந்து வேலை செய்கிறதா என்று தானே சொல்லும் அறிக்கை அது. படிவு கூடினால் மருந்தின் அளவைக் கூட்டச் சொல்வார், குறைந்தால் மருந்தின் மகிமை என்பார். கண்காணிப்பை வேறு கையில் கொடுப்பதும், ஒவ்வொரு லாரியின் கடினத்தன்மையும் இறக்கும் முன் பார்க்கப்பட்டுக் கணிப்பு மாதிரிக்குள் பதிவாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதும் வாங்குகிறவரின் கையில் இருக்கிறது. அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில், சொன்ன தேதிக்கு ஒரு மாதம் முன்பே சில்லர் டிரிப் ஆகும்போது மென்பொருள்காரர் ரசாயனக்காரரைக் காட்டுவார், ரசாயனக்காரர் லாரியைக் காட்டுவார். லாரி அதற்குள் அடுத்த கிணற்றுக்குப் போயிருக்கும்.